பூட்டுக்கு ஒரு நன்றியுரை

ஜூன் 9, திங்கள்

இன்றிலிருந்து நடப்பதை எல்லாம் நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டியும் எழுத மாட்டேன், குறைத்தும் எழுத மாட்டேன். எனக்கு வெட்கம் தருவதைக்கூட எழுதுவேன். பெரியவர்கள் ஒரு குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, அதற்கு விசாரணை என்று பெயரும் வைத்து, முழுப் பொய்யை உண்மை என்று முடிவு செய்யும்போது, வீட்டில் ஒருத்தியாவது உண்மையை எழுதிவைக்க வேண்டும் அல்லவா?

நடந்தது இதுதான். அப்பா லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்தின் உச்சியில், லிஃப்டின் மோட்டார் இருக்கும் அறையில் ஒரு பெரிய சுவிட்ச் உண்டு. லிஃப்டின் மேலே ஏறி வேலை செய்கிறவர் முதலில் அந்தச் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. ஆளுக்கு ஒரு பூட்டு, அவரவர் பூட்டை அவரவர்தான் திறக்க வேண்டும். இது அவர்கள் தொழிலின் முதல் விதி.

விபத்து நடந்த அன்று அப்பாவோடு வேலைக்குப் போனவர் தன் பூட்டை வீட்டில் மறந்துவிட்டார். பல வருடங்களாக அப்பாவுக்கு ஜோடி. எங்கள் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். நாங்கள் மாமா என்று கூப்பிட்டவர். "உன் பூட்டு ஒண்ணு போதாதா? நமக்குள்ள என்னப்பா தனித்தனியா" என்றாராம். அப்பாவும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். அதுதான் அப்பா செய்த ஒரே தவறு. கொஞ்ச நேரம் கழித்து, மோட்டாரைச் சோதிக்க வேண்டும் என்று அவர் சாவியைக் கேட்டிருக்கிறார். "நான் இறங்கிட்டுக் கூப்பிடுறேன், அப்புறம் போடு" என்று சொல்லி அப்பா கொடுத்திருக்கிறார். அவர் காத்திருக்கவில்லை.

அப்பாவின் வலது கை இரும்புக் கயிற்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்தது.

அவசரம், கவனக்குறைவு, யாருக்கும் வரலாம். ஆனால் மயங்கிக் கிடந்த அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, அந்தச் சாவியை அப்பாவின் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் அப்பாவின் துணிகளை ஒரு பையில் சுருட்டிக் கொடுத்தார்கள். கம்பெனி ஆள் வந்து சாவி எங்கே என்று கேட்டதும், ஒன்றும் தெரியாத அம்மா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். முடிந்தது கதை. அப்பாவே பூட்டைத் திறந்து, சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய் லிஃப்டின் மேல் ஏறினார் என்று அந்த மாமா விசாரணையில் சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். இன்று மானேஜர் அப்பாவைக் கூப்பிட்டு, தவறு உங்களுடையதுதான், இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இனி இந்த நோட்டில் அவர் மாமா இல்லை. "அவன்" என்று எழுதினால் அம்மா பார்த்துவிட்டுத் திட்டுவாள். ஆகவே அவர் பெயர் பூட்டு.

ஜூன் 10, செவ்வாய்

பூட்டுக்கு மேற்பார்வையாளர் பதவி கிடைத்திருக்கிறது. அப்பா கேட்டுவிட்டு "சரி" என்றார். சரியாம்!

ஜூன் 12, வியாழன்

சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன் எங்கள் வீட்டில் ஜெபம். தங்கை, நான், அம்மா, அப்பா என்று வரிசை. மனதில் பாரமாக இருப்பதை ஒவ்வொருவரும் ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டும். விபத்துக்குப் பிறகு அப்பா தன் முறை வரும்போது "ஆமென்" மட்டும் சொல்கிறார்.

தங்கை இன்றும் பூனை கேட்டாள். "சாம்பல் நிறம் கிடைக்கலைன்னா வெள்ளையும் பரவாயில்ல, ஆண்டவரே." கடவுளிடம் பேரம் பேசுகிறாள்.

நான் வாயால் "எல்லாருக்கும் நல்ல சுகம் தாங்க" என்றேன். மனதில் கேட்டது வேறு. பூட்டு தனியாக ஒரு லிஃப்டில் போக வேண்டும். இரண்டு மாடிக்கு நடுவில் அது நிற்க வேண்டும். விளக்கு அணைய வேண்டும். கைபேசியில் சார்ஜ் இருக்கக் கூடாது. அவசரமாக ஒன்றுக்கு வர வேண்டும். மேலே யாரோ நடக்கும் சத்தம் கேட்க வேண்டும், ஆனால் அவர் கத்துவது அவர்களுக்குக் கேட்கக் கூடாது.

இதைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தபோது அப்பா இடது கையால் கரண்டியைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தார். நான் கேட்டது குறைவு என்று தோன்றியது.

ஜூன் 15, ஞாயிறு

காய்கறிக் கடை வாசலில் பூட்டும் அவர் மனைவியும். அந்த அத்தை என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் கையைத் தூக்கினார். பிறகு அந்தக் கையை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் முடியைச் சரிசெய்துகொண்டார். பூட்டு எங்களைப் பார்க்காத மாதிரி சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டார். அம்மா தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றையும் நசுக்கவில்லை. நானாக இருந்தால் கூடையோடு நசுக்கியிருப்பேன்.

திரும்பி வரும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"உனக்குக் கோபமே வராதாம்மா?"

"அந்தச் சாவியைக் கொடுத்த கை இது. எனக்கு வராத கோபமா உனக்கு வந்திடப் போகுது?"

"அப்புறம் எப்படி ராத்திரி படுத்த உடனே குறட்டை விடுற?"

"யாரு, நானா? உங்கப்பா குறட்டையை என் தலையில கட்டாத." கொஞ்ச தூரம் போனபிறகு சொன்னாள்: "சாயங்காலம் ஆண்டவர்கிட்டக் கொடுத்திடுறேன்டி. காலையில எழுந்திருச்சா அது மறுபடி என் தலமாட்டுல உட்கார்ந்திருக்கு. மறுபடி கொடுக்கிறேன். அவருக்கும் அலுக்கல, எனக்கும் வேற வழி இல்ல."

எனக்கு இது பிடிக்கவில்லை. கொடுத்தால் திரும்பி வரும் பொருளை ஏன் கொடுக்க வேண்டும்? நானே வைத்துக்கொண்டு அதைக் கூர்மையாக்குவேன்.

ஜூன் 18, புதன்

படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்தேன். சந்தோஷத்தில்.

பள்ளியில் ஆய்வுக்கூடக் கட்டடத்துக்குப் புதிதாக லிஃப்ட் வந்திருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து எங்களுக்குப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவாராம். வகுப்பு டீச்சர் அவருடைய பதவியைச் சொன்னார். மேற்பார்வையாளர். பெயரையும் சொன்னார். பூட்டேதான்!

"நன்றியுரை யாரு சொல்றது?" என்று கேட்டுவிட்டு டீச்சர் என்னைத்தான் பார்த்தார். "நீதான் சரி. புத்தகம் படிக்கிற பிள்ளை. ஆனா நாலு நிமிஷத்துக்கு மேல இழுக்கக் கூடாது, ஆமா. போன தடவ உன் வரவேற்புரையில விருந்தாளியே தூங்கிட்டாரு."

டீச்சருக்கு ஒன்றும் தெரியாது. நான் பவ்யமாகத் தலையாட்டினேன். இந்த முறை விருந்தாளி தூங்க மாட்டார், டீச்சர்.

கடவுள் என் ஜெபத்தைக் கேட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். லிஃப்டுக்குப் பதில் மேடையைக் கொடுத்திருக்கிறார்.

ஜூன் 19, வியாழன்

நன்றியுரையின் தொடக்கம்:

"எங்களுக்காகத் தம் பொன்னான நேரத்தை ஒதுக்கி வந்திருக்கும் சிறப்பு விருந்தினருக்கு நன்றி. பாதுகாப்பைப் பற்றிப் பேச இவரைவிடத் தகுதியானவர் கிடையாது. தம்மோடு வேலை செய்தவர் ரத்தம் வழிய மயங்கிக் கிடந்தபோதும் இவர் பதறவில்லை. அவருடைய சட்டைப் பையைத் தேடி அதில் சாவியைப் போடும் அளவுக்கு நிதானமாக இருந்தார். அந்த நிதானத்துக்கு நன்றி. விசாரணையில் ஒரு இடத்திலும் நாக்குக் குழறாமல் பேசினார். அந்தத் தெளிவுக்கு நன்றி. இவர் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சாக்லெட் வாங்கி வருவார். அந்தப் பாசத்துக்கும் நன்றி."

ஒவ்வொரு நன்றிக்கும் நடுவில் மூச்சு விட்டு, அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கடைசி நன்றியில் குரலைத் தாழ்த்த வேண்டும். கத்தினால் அழுகிறாள் என்று நினைப்பார்கள்.

இவ்வளவு நன்றாக நான் எதையும் எழுதியதில்லை.

ஜூன் 20, வெள்ளி

"பொன்னான" வேண்டாம். "விலைமதிப்பற்ற" என்று போட்டால் இன்னும் சுடும்.

ஜூன் 22, ஞாயிறு

மொட்டை மாடியில் துணிக்கொடிகளுக்கு நடுவே ஒத்திகை பார்த்தேன். போர்வைதான் பூட்டு. போர்வை நன்றாகத் தலைகுனிந்தது. பின்னால் தங்கை நின்றதை நான் கவனிக்கவில்லை.

"ஏன்க்கா நன்றி சொல்லும்போது உன் மூஞ்சி அப்படி இருக்கு?"

"எப்படி?"

"பல் டாக்டர்கிட்ட வாய் திறக்கிற மாதிரி."

அடிக்க ஓடினேன், பிடிபடவில்லை.

உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன், ஆகவே இதையும் எழுத வேண்டும். எனக்கு உடம்பு சரியில்லை. காலையில் தாடை வலிக்கிறது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேனாம். நூலகத்திலிருந்து கொண்டுவந்த கதைப் புத்தகத்தில் ஒரே பக்கத்திலேயே நிற்கிறேன். வரியைப் படித்தால் கதாநாயகி போக வேண்டிய இடத்தில் பூட்டு வந்து நிற்கிறார். வெள்ளிக்கிழமை நூலகர், "என்னம்மா, அந்தப் புத்தகத்தைத் தத்து எடுத்துட்டியா?" என்றார். சிரிப்பு வரவில்லை. எனக்கு! நூலகரின் பழைய ஜோக்குக்குக்கூட முதல் ஆளாகச் சிரிக்கிற எனக்கு.

வியாழக்கிழமை முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

ஜூன் 24, செவ்வாய்

அப்பா வேலை கேட்டு ஒரு கட்டடப் பராமரிப்பு அலுவலகத்துக்குப் போனார். கையைப் பார்த்தார்களாம். பிறகு, நீங்கள்தானே அந்த விபத்து ஆள் என்று கேட்டார்களாம். வந்து சட்டைப் பொத்தானைக் கழற்ற ரொம்ப நேரம் போராடினார். நான் உதவப் போனேன். "விடு, நான் பாத்துக்கிறேன்" என்றார். அவ்வளவு கடுமையாக அப்பா என்னிடம் பேசியதே இல்லை.

நன்றியுரையில் இன்னொரு வரி சேர்த்தேன்.

ஜூன் 25, புதன்

இதை எப்படி எழுதுவது? நடந்தபடியே எழுதுகிறேன்.

சாயங்கால ஜெபம். தங்கை பூனை கேட்டாள். நான் "நாளைக்கு நல்லாப் பேச உதவி செய்யுங்க" என்றேன். அம்மா தன் பாரத்தைச் சொன்னாள். அப்பாவின் முறை. எல்லாரும் ஆமெனுக்குக் காத்திருந்தோம். வரவில்லை. அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்பா நாற்காலியை விட்டு இறங்கி முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். வலது கையை வயிற்றோடு அணைத்திருந்தார்.

"ஆண்டவரே, எனக்கு அவன்மேல இருக்கிறது கோபம் இல்ல. கோபம்னா ஆறியிருக்கும். அவன் கையும் இதே மாதிரி நசுங்கணும்னு கண்ணு முழிக்கும்போதே நினைக்கிறேன். பல் விளக்கும்போது நினைக்கிறேன். அவன் வீட்டு வாசல் வரைக்கும் ரெண்டு தடவ போயிட்டுத் திரும்பி வந்திருக்கேன். எதுக்குப் போனேன்னு உங்களுக்குத் தெரியும். பிள்ளைங்க பேசுறது என் காதுல விழல. அவன் விசாரணையில பேசினதுதான் விழுது. கை போனா போகட்டும். இந்த வீட்டுக்குள்ள என் இடத்துல அவன் உட்கார்ந்திருக்கான். என்னால தூக்க முடியல. நீங்க எடுத்துக்குங்க. அவனை என்ன செய்யணும்கிறதும் உங்க பாடு. நான் இனிமே கேக்கல. உண்மையைச் சொல்றத விட மாட்டேன். மறுவிசாரணை கேப்பேன், எத்தன பேரு கேட்டாலும் நடந்ததைச் சொல்லுவேன். ஆனா அவனை மட்டும் என் முதுகுல இருந்து இறக்கிடுங்க."

பிறகு அழுகிற சத்தம் மட்டும். அப்பா அழுது நான் கேட்டதில்லை.

தங்கைதான் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா... ஆமென் சொல்லணும்."

"ஆமென்" என்றார் அப்பா. அழுதுகொண்டே சிரித்தார். அம்மா போய் அவர் சட்டைக் கையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

நான் துணி எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போனேன். எனக்குக் கோபம். அப்பா மேலே கோபம்! இவ்வளவு நாள் நான் நினைத்தது என்ன? அப்பா சாது, அவருக்குப் பழி வாங்கத் தெரியாது, நான்தான் அவருக்காக வாங்க வேண்டும். கடைசியில் பார்த்தால் அப்பாவிடம் என்னைவிடப் பெரிய வெறுப்பு இருந்திருக்கிறது. அதை அப்படியே கடவுள் முன்னால் கொட்டுகிறார்! நல்ல வார்த்தை போட்டு மூடவில்லை. கையை நசுக்கணும் என்கிறார். ஜெபத்தில் இப்படியெல்லாம் சொல்லலாமா? நான் மனதுக்குள் ஒளித்து ஒளித்துக் கேட்டேனே. வாயால் எல்லாருக்கும் சுகம் என்றேனே. யாரை ஏமாற்றினேன்?

அப்புறம் ஒன்று செய்தேன். போர்வையைக் கொடியிலிருந்து எடுத்துவிட்டேன். எதிரே வானம் மட்டும். நன்றியுரையைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை கடவுளிடம் சொன்னேன். மூச்சு விட வேண்டிய இடத்தில் மூச்சு விடவில்லை. குரலைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் கத்தினேன். நடுவில் எழுத்துத் தமிழ் போயே போச்சு. பாருங்க ஆண்டவரே, எங்கப்பா கையைப் பாருங்க, அந்தாளு சாக்லெட் வாங்கித் தந்தாரே, நான் அதை வாங்கித் தின்னேனே, எப்படி அவரால முடிஞ்சது, அவரு நல்லா இருக்கக் கூடாது, எங்கம்மா கையாலேயே அதை எடுத்துக் கொடுக்க வச்சாரே — இப்படியே. பக்கத்து மாடியில் ஒரு ஜன்னல் மூடியது.

கேட்டவர் ஒருவர்தான். கைதட்டல் இல்லை, பதிலும் இல்லை. ஆனால் சொல்லி முடித்தபோது சொல்ல ஒன்றும் மீதி இல்லை. எடுத்த போர்வை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். "நீங்களே வச்சுக்குங்க" என்றேன். அது ஜெபமா, சலிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

நன்றியுரைத் தாள் இன்னும் பைக்குள்தான் இருக்கிறது. கிழிக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

முதலில் என்னை எழுதிவிடுகிறேன்: காலையில் எழுந்தபோது அந்த வெறுப்பு அம்மா சொன்ன மாதிரியே தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது. புதிதாகக் குளித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. தாளை எடுத்துக்கொண்டே போனேன்.

பூட்டு புதுச் சட்டை போட்டிருந்தார். மேடையில் ஒரு பழைய சுவிட்ச் பெட்டியை வைத்து விளக்கினார். நன்றாகத்தான் பேசினார். "ஒருத்தர் உள்ள இருக்கும்போது இன்னொருத்தர் சுவிட்சைப் போடவே முடியாது. ஏன்னா ஆளுக்கு ஒரு..." என்று சொல்லி நிமிர்ந்தபோது, ஓரத்தில் நன்றியுரைக்குத் தயாராக நின்ற என்னைப் பார்த்துவிட்டார்.

நின்றுவிட்டார். தண்ணீர் குடித்தார். மறுபடி குடித்தார். பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். "ஆளுக்கு ஒரு பூட்டு" என்று முடித்தார். அந்தக் குரல் முன்வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக் முன் நின்றேன். தாள் கையில் இருந்தது. நான் எத்தனையோ தடவை கற்பனை செய்த முகம் எதிரே இருந்தது, கற்பனையைவிடப் பயந்துபோய். ஒரே ஒரு வரி போதும், முடிந்திருக்கும் கதை.

அந்த நேரத்தில் எனக்குள் பெரிய அமைதி ஒன்றும் இறங்கவில்லை. இறங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் பொய். அந்தத் தாளில் இருந்ததை நேற்றே சொல்லவேண்டியவரிடம் சொல்லிவிட்டேன் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. கொடுத்த பொருளை மறுபடி பிடுங்கி இன்னொருவர் மேல் எறிவதா? கடவுளே, இது உங்கள் பாடு, நான் சீக்கிரம் இறங்கிவிடுகிறேன் என்று மனதுக்குள் சொன்னேன்.

"விருந்தினர் சொன்ன விதி நல்ல விதி. ஆளுக்கு ஒரு பூட்டு. எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் அதை மாற்றக் கூடாது. வந்ததற்கு நன்றி."

அவ்வளவுதான். டீச்சர் வாயைப் பிளந்தார். "நாலு நிமிஷம்னு சொன்னேன், நாலு வரின்னா சொன்னேன்?" என்று இறங்கியதும் கேட்டார்.

அதில் ஒரு முள் இருந்ததா? இருந்தது. உண்மையை எழுதுவதாகச் சொன்னேனே.

பள்ளி விட்டு வரும்போது வாசலில் அவர் நின்றிருந்தார்.

"அப்பா... எப்படிம்மா இருக்காரு?"

"இடது கையால எழுதப் பழகிட்டாரு மாமா."

மாமா என்று வந்துவிட்டது. நாக்குக்கு என்ன தெரியும்? அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு திரும்பி, ஓடாத குறையாகப் போய்விட்டார்.

ஜூன் 27, வெள்ளி

நான் கோழையா? நாள் முழுக்க இதே கேள்வி. சாயங்காலம் ஜெபத்தில் வாய்விட்டே சொன்னேன்: "ஆண்டவரே, நேத்து விட்டுட்டு வந்தது தப்போன்னு இருக்கு. அவரை இன்னும் எனக்குப் பிடிக்கல. இன்னிக்கும் நீங்களே வச்சுக்குங்க." அப்பா என்னைப் பார்த்தார். தன் தட்டிலிருந்த பெரிய மீன் துண்டை என் தட்டுக்கு மாற்றினார்.

ஜூலை 2, புதன்

மறுபடி கொடுத்தேன்.

ஜூலை 9, புதன்

மறுபடி. இன்று கொஞ்சம் சீக்கிரம் முடிந்தது.

ஜூலை 20, ஞாயிறு

அப்பாவுக்கு லிஃப்ட் உதிரிபாகக் கடையில் வேலை. நின்றுகொண்டே செய்கிற வேலை. கையைவிட நாக்குக்குத்தான் வேலை என்கிறார். மறுவிசாரணை மனுவை அப்பாவே இடது கையால் எழுதினார். எழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தது. நான் படியெடுத்துத் தருகிறேன் என்றேன். "இப்படியே போகட்டும். படிக்கிறவங்க கொஞ்சம் கஷ்டப்படட்டும்" என்று கண்ணடித்தார்.

மாமா இதுவரை உண்மையைச் சொல்லவில்லை. சொல்வாரா என்று தெரியாது.

ஆகஸ்ட் 6, புதன்

மறுவிசாரணையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். அப்பா "தள்ளட்டும், நான் எங்க போயிடப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தங்கையின் சைக்கிளுக்குக் காற்றடித்தார்.

அந்தக் கதைப் புத்தகத்தை முடித்து, நேற்று நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முடிவு சுமார். நூலகர் அபராதம் போடாமல், "தத்துப் பிள்ளைய திருப்பிக் கொடுக்குறியே, மனசு கல்லும்மா உனக்கு" என்றார். வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டு புதுப் புத்தகங்கள் எடுத்து வந்தேன். ஒன்று கடல்பயணம், இன்னொன்று தேனீக்களைப் பற்றி. தேனீயை முதலில் ஆரம்பித்து, நடந்துகொண்டே படித்து, ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டேன்.

இன்று சாயங்காலம் ஜெபத்தில் தங்கை பூனையை விட்டுவிட்டு ஆமைக்கு மாறிவிட்டாள். நான் நாளைய கணக்குப் பரீட்சைக்காகவும், அம்மாவின் முதுகுவலிக்காகவும், மறுவிசாரணைக்காகவும் சொன்னேன். அப்பா நீளமாக ஜெபித்தார், சாப்பாடு ஆறிவிட்டது.

இப்போது படுக்கையில் உட்கார்ந்து இதை எழுதும்போதுதான் கவனித்தேன். இன்று மாமாவைக் கடவுளிடம் கொடுக்க மறந்துவிட்டேன். காலையில் தலைமாட்டில் இருந்தாரா? யோசித்துப் பார்க்கிறேன். தேனீதான் இருந்தது.

எழுந்துபோய் இப்போது கொடுக்கலாமா என்று... அப்பா விளக்கை அணைத்துவிட்டார். இந்த வரி கோணலாக இருந்தால் அதனால்தான்.